கண்ணாடி இழையில் வரும் உலகம்

வானொலிப் பெட்டி ஊருக்குள் முதன்முதல் வந்த காலத்தில் அதனைக் கேட்பதற்கு அயலார் அனைவரும் முற்றத்திற் கூடினர். தொலைக்காட்சி வந்த காலத்தில் விறாந்தை கொள்ளாத கூட்டம். ஆயின், ஒளியிழை வழியாக இணையம் வந்தபோது எவரும் கூடவில்லை. கறுத்த நூல் போன்ற வடமொன்று தெருத் தூணிலிருந்து இறங்கிச் சுவரைத் துளைத்து உள்ளே வந்தது, சிறியதொரு வெள்ளைப் பெட்டியிற் பச்சை விளக்குகள் சில எரிந்தன, அவ்வளவே. இத்துணை அமைதியாக வந்த இப்பொருள், இல்லத்தின் படிப்பையும் தொழிலையும், உறவையும் உறக்கத்தையும் மாற்றிய அளவுக்கு வேறெப் பொருளும் மாற்றியதாகத் தெரியவில்லை.

வெள்ளவத்தையில் உள்ள எம் இல்லத்திற்கு இவ்விழை 2017ஆம் ஆண்டில் வந்து சேர்ந்தது. புதுமை கழிந்து பழக்கமான பின்னரே ஒரு பொருளின் குணமும் குற்றமும் வெளியாகும். மணப்பந்தலைப் பார்த்து இல்லறத்தை மதிப்பிடலாகுமா? ஆதலால், விற்பனை செய்வோர் கூறும் பெருமைகளை ஒருபுறம் வைத்துவிட்டு, நெடுங்காலம் வீட்டில் வைத்துப் பழகியதனாற் கண்ட உண்மைகளை நேயர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்ணாடிக்குள் அடைபட்ட ஒளி

பாடநூல்கள் இதனை ‘ஒளியியல் நார்’ என்று கூறும். மக்கள் வழக்கிலே இது ‘பைபர்’. உண்மையில் இஃது ஒரு கண்ணாடி நூலேயாகும். உறையோடு சேர்த்து அக்கண்ணாடியின் விட்டம் 125 மைக்ரோமீற்றர். அஃதாவது ஒரு மில்லிமீற்றரின் எட்டிலொரு பங்கு. ஒளி செல்லும் நடுப்பகுதியோ ஏறத்தாழ 9 மைக்ரோமீற்றர் மட்டுமே. தலைமயிரை நீளவாக்கிற் பல கூறாகப் பிளந்தாலன்றி அந்நுண்மை கிட்டாது.

ஒளி நேராகச் செல்வது என்பதை நாம் அறிவோம். வளைந்து செல்லும் கண்ணாடி நூலுக்குள் அது வெளியே சிந்தாமல் எங்ஙனம் செல்கின்றது? கீரிமலைக் கேணியில் மூழ்கி, நீருக்குள்ளே கண்களைத் திறந்து மேற்பரப்பைச் சரிவாக நோக்கியவர்கள், அந்நீர்ப்பரப்பு முகம் பார்க்கும் கண்ணாடி போல் மின்னுவதைக் கண்டிருப்பர். அடர்த்தி மிக்க ஊடகத்திலிருந்து அடர்த்தி குறைந்த ஊடகத்தை நோக்கி மிகச் சரிவாகச் செல்லும் ஒளி, வெளியேறாமல் உள்ளேயே திரும்பிவிடும். பௌதிகம் பயிலும் மாணவர் இதனை முழு அகத்தெறிப்பு என அறிவர். நடுக்கண்ணாடியின் முறிவுச் சுட்டி உறைக் கண்ணாடியினதைவிடச் சற்றே கூடியதாக அமைக்கப்பட்டிருப்பதால், ஒளி அந்த நடுப்பகுதியிலேயே சிறைப்பட்டு நெடுந்தூரம் ஓடுகின்றது.

பாயும் நீர்த்தாரைக்குள் ஒளியை வளைத்துச் செலுத்தலாம் என்பதை 1841இல் ஜெனீவா நகரிற் கொலடன் என்பவர் காட்டினார். 1954இல் பஞ்சாபிற் பிறந்த நரீந்தர் சிங் கபானி என்னும் இந்திய விஞ்ஞானி, ஹொப்கின்ஸ் என்பாருடன் சேர்ந்து, கண்ணாடி இழைக் கற்றையினூடாக ஓர் உருவத்தைக் கொண்டுசெல்லும் முறையை இலண்டனில் ஆராய்ந்து வெளியிட்டார். ஆயின், அக்காலக் கண்ணாடியிலே 20 மீற்றர் தூரம் செல்வதற்குள் ஒளியின் நூற்றிலொரு பங்கே எஞ்சியது. இத்தகைய கண்ணாடியால் அடுத்த வீட்டுக்குத்தானும் செய்தி அனுப்ப இயலுமா?

அவ்வேளையில், ஷங்காய் நகரிற் பிறந்து இங்கிலாந்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த சார்ள்ஸ் காவோ, 1966இல் ஹொக்ஹம் என்பாருடன் இணைந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். குற்றம் கண்ணாடியினது அன்று, அதனுள் கலந்துள்ள இரும்பு முதலிய மாசுகளினதே என்றும், தூய கண்ணாடி கிடைப்பின் ஒளியாற் செய்தி அனுப்பலாம் என்றும் அவர் வாதிட்டார். நான்கே ஆண்டுகளில், 1970இல், அமெரிக்காவின் கோர்னிங் நிறுவனத்தைச் சேர்ந்த மூவர் அத்தகைய தூய இழையை உருவாக்கினர். இன்றைய இழையிலே ஒரு கிலோமீற்றர் சென்ற பின்னும் ஒளியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு எஞ்சி நிற்கும். காவோவுக்கு 2009இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அவ்வேளை அவர் மறதி நோயால் வாடியிருந்தமையால், அவர்தம் துணைவியாரே அவருக்காகப் பரிசுரையை நிகழ்த்தினார். உலகத்தின் நினைவுகளையெல்லாம் ஓடச் செய்தவர் தம் நினைவை இழந்தது விதியின் கொடுமையன்றோ!

செம்பும் கண்ணாடியும்

இவ்விழை வருமுன் எம் வீட்டில் இணையம் தொலைபேசியின் செம்புக் கம்பி வழியாகவே வந்தது. செம்பிற் செல்வது மின்சாரம். தொலைபேசி நிலையத்திலிருந்து வீடு எவ்வளவு தொலைவோ அவ்வளவுக்கு வேகம் குன்றும். மழைக்காலத்திலே இணைப்புகளில் ஈரம் புகுந்தால் இரைச்சல் எழும். இடி முழங்கினால், கம்பியைக் கழற்றி வைக்க வீட்டார் ஓடுவர். ஓடத் தவறிய வீடுகளிற் பெட்டி கருகிவிடும்.

கண்ணாடியோ மின்சாரத்தைக் கடத்தாது. மழை ஈரம் அதன் வேகத்தைக் குறைப்பதில்லை. நிலையத்திலிருந்து 20 கிலோமீற்றர் வரையிலும் ஒரே தரத்தில் வேலை செய்யக்கூடியது. எனினும், இடியிலிருந்து முற்றாகத் தப்பினோம் என எண்ணலாகாது. பெட்டிக்கு மின்சாரம் வீட்டுச் சுவரிலிருந்தே வருகின்றது. அவ்வழியாக மின்னல் வரக்கூடும். ஆதலின் கடும் இடியின்போது மின்செருகியைக் கழற்றி வைக்கும் பழைய வழக்கத்தை எம் வீட்டார் இன்னும் கைவிடவில்லை.

எம்மைப் பெரிதும் மகிழ்வித்தது பதிவிறக்கும் வேகமன்று, அனுப்பும் வேகமேயாகும். செம்புக் கம்பியில் உலகத்தைப் பார்க்கலாம். ஆனால் நம்மை உலகம் பார்ப்பது அரிது. அனுப்பும் வழி அத்துணை ஒடுங்கியது. என் தாயார் ரொறன்ரோ நகரில் வாழும் மூத்த மகனோடு ஞாயிறுதோறும் காலையில் உரையாடுவார். செம்புக் காலத்திலே அண்ணனின் முகம் சதுரங்களாய்ச் சிதறி நிற்கும். குரல் மட்டும் வந்து போகும். இழை வந்த பின் ஒரு ஞாயிறன்று அம்மா திரையை உற்று நோக்கி, “என்னடா தம்பி, கழுத்தெலும்பு தெரியுது. டொக்டரிட்டக் காட்டினனியோ?” என்று கேட்டார். அண்ணன் சிரித்து மழுப்பினார். அம்மா விடவில்லை. இரு வாரங்களின் பின்னர், தமக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்ததென்று அண்ணனே கூறினார். பத்தாயிரம் கிலோமீற்றர் நீளமுள்ள இழையைக் கடக்க ஒளிக்கு ஒரு செக்கனின் இருபதிலொரு பங்கு போதும். ஆயின், அவ்வொளி கொணர்ந்த முகத்திலே நோயைக் கண்டது ஒரு தாயின் கண்ணேயாகும்.

நிலையத்திலிருந்து வீடு வரை

தொலைபேசி நிலையத்திலிருந்து புறப்படும் ஓர் இழையே பல வீடுகளுக்கும் பொதுவானது. தெருவோரத்துப் பெட்டியொன்றில் அவ்வொளி முப்பத்திரண்டாகவோ அறுபத்து நான்காகவோ பிரிக்கப்படுகின்றது. இப்பிரிப்பானுக்கு மின்சாரம் வேண்டியதில்லை; வெறும் கண்ணாடியே அதனைச் செய்கின்றது. நிலையம் அனுப்பும் செய்தி எல்லா வீடுகளுக்கும் செல்லும். ஒவ்வொரு பெட்டியும் தனக்குரியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். வீடுகளிலிருந்து செல்லும் செய்திகளோ ஒன்றோடொன்று மோதாதவாறு, ஒவ்வொரு பெட்டிக்கும் நிலையம் முறை வகுத்துக் கொடுக்கும். போவதும் வருவதும் வெவ்வேறு அலைநீளங்களில் ஆதலால், ஒரே இழை இருவழிப் பாதையாகின்றது.

நம் தெருவோடு இப்பயணம் முடிந்துவிடுவதில்லை. சிங்கப்பூரிலிருந்து ஐரோப்பா வரை ஏறத்தாழ 20,000 கிலோமீற்றர் கடலடியிற் கிடக்கும் ‘ஸீ-மீ-வீ 5’ என்னும் வடம் மாத்தறைக் கரையில் ஏறி இலங்கையைத் தொடுகின்றது. வெள்ளவத்தையில் ஒரு சிறுவன் விசையை அழுத்தும்போது, அவனது வேண்டுகோள் ஆழ்கடலின் அடியிற் செல்கின்றது என்பதை எண்ணிப் பார்த்தால் மெய்சிலிர்க்கும்.

சோதனைக் காலங்கள்

2020 மார்ச்சிற் பாடசாலைகள் மூடப்பட்டன. அதுவரை வசதியாக இருந்த இவ்விழை அன்று முதல் அவசியமாயிற்று. முன்னறையில் மகளின் பல்கலைக்கழக விரிவுரை. படுக்கையறையில் மகனின் கணித வகுப்பு. சாப்பாட்டு மேசையில் என் அலுவலகக் கூட்டம். மூன்றும் ஒரே வேளையில் நடந்தன, இழை சளைக்கவில்லை.

ஆயின் அதே காலத்தில், ஊவா மாகாணத்து மலைக்கிராமங்களிற் பிள்ளைகள் செல்பேசிச் சமிக்ஞை தேடிக் காட்டுக்குள் நடந்தும், மரங்களில் ஏறியிருந்தும் பாடம் கற்ற செய்திகளை 2021இல் பத்திரிகைகளிற் படித்தோம். ஒரே பரீட்சை, ஒரே வினாத்தாள், ஒரு பிள்ளைக்குக் கண்ணாடி இழை, மற்றொரு பிள்ளைக்கு மரக்கிளை. எம் வீட்டிலே எரிந்த பச்சை விளக்கு வெறும் பணத்தால் மட்டும் எரியவில்லை, இருக்கும் இடத்தாலும் எரிந்தது என்பதை எம் பிள்ளைகளுக்கு அன்று எடுத்துரைத்தோம். தோட்டப்புற லயங்களுக்கும் வன்னிக் கிராமங்களுக்கும் இவ்வசதி முற்றாகச் சென்றடையும் நாளிலேயே கல்வியில் சமத்துவம் எனும் சொல்லுக்குப் பொருள் உண்டாகும்.

2020ஆம் ஆண்டின் பிற்பகுதியில் என் தாயார் காலமானார். விமான நிலையம் வழமை போற் பயணிகளுக்குத் திறக்கப்படாதிருந்த காலம் அது. அண்ணனால் வர இயலவில்லை. ஈமக்கிரியைகள் யாவற்றையும் அவர் அவ்விழையின் வழியாகவே கண்டார். படம் ஒருமுறைதானும் சிதறவில்லை. எனினும், மூத்த மகன் செய்யவேண்டியவற்றை என் கைகள் செய்ய, அவர் தூரத்தே கைகூப்பி நின்றதைக் கண்டபோது, இவ்விழை எதனைத் தரும், எதனைத் தராது என்பது எம் எல்லார்க்கும் தெளிவாயிற்று.

மின்வெட்டுத் தந்த பாடம்

பழைய தொலைபேசிக்கு ஒரு சிறப்பு உண்டு. அதற்கு வேண்டிய மின்சாரம் நிலையத்திலிருந்தே செம்புக் கம்பி வழியாக வரும். ஊரெல்லாம் இருண்டாலும் தொலைபேசி பேசும். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கொண்டுவராது. ஆதலால், மின்வெட்டு வந்த மறுகணமே வெள்ளைப் பெட்டி உயிரிழக்கும். அதனோடு வீட்டுத் தொலைபேசியும் ஊமையாகும். முதியோர் தனித்து வாழும் இல்லங்கள் இதனைக் கட்டாயம் அறிந்திருத்தல் வேண்டும்.

2022ஆம் ஆண்டில், ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்ட காலத்தை எவரும் மறந்திரார். நீண்ட மின்வெட்டில் செல்பேசிக் கோபுரங்களின் பற்றரிகளும் சோர்ந்தன. அப்போது எம் வீட்டிற் சிறியதொரு பற்றரிப் பெட்டியை வாங்கிப் பொருத்தினோம். இழைப்பெட்டிக்கு வேண்டிய மின்சாரம் மிகச் சொற்பம். தெருப் பிரிப்பானுக்கோ மின்சாரமே வேண்டாம். நிலையத்தில் மாற்று ஏற்பாடு உண்டு. ஆகவே, அக்கையளவுப் பற்றரியே மணிக்கணக்கில் இணையத்தை உயிர்ப்பித்து வைத்தது. வாங்குவோர் தம் பெட்டி எத்தனை வோல்ற்றில் இயங்குவது என்பதை அதன் அடியிற் பார்த்து, அதற்கு ஏற்றதையே வாங்குதல் வேண்டும்.

இழை அறுந்த நாட்கள்

இத்தனை ஆண்டுகளிற் பெட்டிக்குள் உண்டான பழுது ஒன்றே. தெருவில் உண்டானவை பல. அணில் கடித்தது ஒருமுறை. மாங்கிளை முறிந்து விழுந்தது ஒருமுறை. இவற்றுள் மறக்கவொண்ணாதது 2021இல் நிகழ்ந்தது. கட்டட வேலைக்கு மணல் ஏற்றி வந்த லொறியொன்று, தாழத் தொங்கிய எம் வடத்தை இழுத்து அறுத்துச் சென்றது. பெட்டியில் ‘எல்.ஓ.எஸ்.’ என்னும் விளக்கு சிவந்து மின்னிற்று. ஒளி வரவில்லை என்பதே அதன் பொருள்.

மறுநாட் காலை மகளுக்கு இணையவழிப் பரீட்சை. சேவை வழங்கும் நிறுவனத்தை அழைத்தோம். பதிவு செய்யப்பட்ட குரலொன்று பெட்டியை அணைத்து மீண்டும் ஏற்றுமாறு பணித்தது. அறுந்த வடம் கண்முன் தொங்கும்போது பெட்டியை அணைத்து ஏற்றி என் செய்வது? நெடுநேரங் கழித்து மனிதக் குரல் கிடைத்தது. இருபத்து நான்கு மணித்தியாலத்திற்குள் ஆள் வரும் என்றது. ஆள் வந்தது மூன்றாம் நாள்.

பரீட்சையைக் காப்பாற்றியவர் எதிர்வீட்டுச் சிங்களப் பெண்மணி. செய்தி அறிந்ததும், “துவ, எங்கட வீட்டிலயிருந்து எழுது” என்று, தாம் அறிந்த தமிழில் மகளை அழைத்துச் சென்றார். தம் வீட்டார் எவரும் அவ்வேளை இணையத்தைத் தொடலாகாது எனக் கட்டளையிட்டு, வாயிற்படியில் தாமே காவலிருந்தார். மகள் பரீட்சையில் நன்கு சித்தியெய்தினாள். தூணுக்குத் தூண் செல்லும் வடத்தைவிட வாசலுக்கு வாசல் செல்லும் உறவு உறுதியானது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

மூன்றாம் நாள் வந்த இளைஞர் தம் தொழிலிற் கைதேர்ந்தவர். இழையின் மேலுறையை உரித்து, மதுசாரத்தால் துடைத்து, முனையை நேராக வெட்டி, இரு முனைகளையும் சிறு பொறியொன்றில் வைத்தார். ஒரு மின்பொறி பறந்தது. கண்ணாடியும் கண்ணாடியும் உருகி ஒன்றாயின. “ஐயா, ஒட்டுறது பெரிய வேலையில்லை, தூசி இல்லாமப் பார்த்துக்கிறதுதான் வேலை” என்றார் அவர். வடத்தை லொறிக்கு எட்டாத உயரத்தில் இழுத்துக் கட்டித் தருமாறு கேட்டோம், மனமுவந்து செய்தார். அதன்பின் அவ்விடத்தில் வடம் அறுந்ததில்லை.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

“பைபர் போட்டும் வேகமில்லை” என்று குறை கூறுவோர் பலர். பெரும்பாலும் குற்றம் இழையினதன்று; இழைப் பெட்டியிலிருந்து அறைக்குச் செல்லும் வைபை அலையினதே. கொங்கிறீற்றுச் சுவரும், நீர் நிறைந்த மீன்தொட்டியும், இரும்பு அலுமாரியும் அவ்வலையைத் தடுக்கும். இரண்டு வகை அலைகளுள் 2.4 கிகாஹேர்ட்ஸ் தொலைவு செல்லும், வேகம் குறைவு. 5 கிகாஹேர்ட்ஸ் வேகம் மிக்கது, ஆயினும் சுவரைக் கடக்க இடர்ப்படும். பெட்டியை வீட்டின் நடுவே, சற்று உயரத்தில் வைத்தலே நன்று. ஐயம் எழுந்தால், கணினியை வடத்தாற் பெட்டியோடு நேரே இணைத்து வேகத்தை அளந்து பார்க்கலாம். அங்கே வேகம் இருந்தால் நிறுவனத்தை நோவதிற் பயனில்லை.

விளம்பரத்தில் ‘100’ என்று கண்டால் அது மெகாபிற் என்பதை மாணவர் நினைவிற் கொள்க. எட்டுப் பிற் சேர்ந்தது ஒரு பைற். ஆகவே, செக்கனுக்கு 12.5 மெகாபைற் வந்தாலே சொன்ன சொல் காப்பாற்றப்பட்டதாகும்.

வேகத்தினும் முக்கியமானது மாத அளவு. உயர்தரத் திரைப்படம் ஒரு மணித்தியாலம் பார்த்தால் ஏறத்தாழ 3 கிகாபைற் செலவாகும். குறைந்த தரத்திற் பார்த்தால் 1 கிகாபைற் போதும். சிறிய செல்பேசித் திரைக்கு உயர்தரம் எதற்கு? வீட்டுக் கணக்கு எழுதும் இல்லத்தரசிகள் அரிசி, தேங்காய் விலையோடு இதனையும் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்வார்களாயின், மாதக் கடைசியில் இணையம் முடங்கும் துன்பம் நேராது.

இல்லத்தில் ஒழுங்கு

பல ஆண்டுப் பழக்கத்தால் எம் இல்லத்தில் ஏற்பட்ட சில விதிகளை இங்கே தருகின்றோம்; பிறர்க்கும் பயன்படலாம்.

இழையைச் சுருட்டிக் கட்டுதலும், கதவிடுக்கில் நசுங்க விடுதலும் ஆகாது. மிக வளைந்தால் ஒளி வெளியே சிந்தும், நசுங்கினால் கண்ணாடி உடையும். கழற்றிய இழையின் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தல் கூடவே கூடாது. அதில் வரும் ஒளி கண்ணுக்குப் புலனாகாதது, ஆயினும் ஊறு விளைவிக்கக்கூடியது. உடைந்த இழைத் துண்டுகளைச் சிறுவர் தொடலாகாது. அவை தோலிற் புகுந்தால் எடுத்தல் அரிது. பெட்டியின் கடவுச்சொல்லை வந்த நாளிலேயே மாற்றிவிடுதல் நலம்.

மற்றொரு விதி தொழில்நுட்பத்தைச் சேர்ந்ததன்று. இரவு உணவு வேளையில் எம் வீட்டிற் செல்பேசிகள் யாவும் ஒரு தட்டில் வைக்கப்படும். தொடக்கத்திற் பிள்ளைகள் முணுமுணுத்தனர். நாளடைவில், அன்றைய வகுப்பையும் அலுவலகத்தையும் பற்றிய பேச்சு அந்த மேசைக்குத் திரும்பி வந்தது. கடலுக்கு அப்பாலுள்ள முகங்களைக் காட்டும் கருவி, எதிரே அமர்ந்திருக்கும் முகத்தை மறைத்துவிடுமாயின் அதனாற் பெற்ற இலாபம் யாது?

முடிவாக, இவ்விழையை வீட்டுக்கு எடுக்கலாமா எனக் கேட்போருக்கு, வசதியுள்ளோர் எடுக்கத்தான் வேண்டும் என்பதே எம் விடை. செம்பினும் இது நம்பத்தக்கது. ஒருமுறை ஒழுங்காகப் பொருத்திவிட்டால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். ஆயின் பொருத்தும் நாளில் வீட்டில் ஒருவர் உடனிருந்து, வடம் செல்லும் வழியையும், அது கட்டப்படும் உயரத்தையும், பெட்டி அமையும் இடத்தையும் கவனித்துக்கொள்ளுதல் வேண்டும். ஒரு சிறு பற்றரியும் அருகில் இருக்கட்டும். அயல்வீட்டாரோடு நல்லுறவும் இருக்கட்டும். இழை அறுந்த அன்று முதலில் உதவிக்கு வருவோர் அவர்களேயாவர்.